பக்கத் தொட்டில் வாங்கப் போகிறோம். கட்டிலுக்கும் தொட்டிலுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை என்ன செய்வது?

கயல்_மடிப்பாக்கம் (சென்னை)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 34 வாரம் முடிந்திருக்கிறது. முதல் குழந்தை. தலை இன்னும் கீழே திரும்பவில்லை, சிசேரியன் ஆக வாய்ப்பு இருக்கிறது என்று போன வாரம் டாக்டர் சொன்னார். தையலோடு ராத்திரியில் நாலைந்து தடவை எழுந்து, குனிந்து குழந்தையைத் தூக்குவது ரொம்பக் கஷ்டம் என்று தோழி சொன்னாள். அதனால் கட்டிலை ஒட்டிப் போடுகிற, ஒரு பக்கத்தை மட்டும் இறக்கிவிடுகிற பக்கத் தொட்டில் வாங்கலாம் என்று இருக்கிறோம்.

சிக்கல் என்னவென்றால், எங்களுடையது ஸ்டோரேஜ் கட்டில். கீழே முழுக்கப் பெட்டி, தரையோடு ஒட்டி நிற்கிறது. நாங்கள் பார்த்த தொட்டிலின் கால்கள் கட்டிலுக்கு அடியில் போய்த்தான் நிற்க வேண்டும். இங்கே போகாது. நேற்று கணவர் ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைத் தொட்டில் அளவுக்கு வெட்டி ஒட்டி, கட்டில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கட்டிலின் மரச்சட்டம் மெத்தையைத் தாண்டி இரண்டு அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கிறது. என் மெத்தைக்கும் அந்த அட்டைக்கும் நடுவில் என் கை மணிக்கட்டு வரை இறங்குகிறது. "ஒரு டர்க்கி டவலைச் சுருட்டி அடைத்துவிடுங்கள், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்" என்கிறார் கடைக்காரர். அது சரியா?

இன்னொன்று, இது கொஞ்சம் வீட்டு விஷயம். அத்தை காரைக்குடியிலிருந்து வருகிறார்கள். தூளி கட்டினால் போதும், இல்லையென்றால் வீட்டில் இருக்கும் தேக்குத் தொட்டிலை லாரியில் போட்டுவிடுகிறேன் என்கிறார்கள். என் கணவர் அந்தத் தொட்டிலில் வளர்ந்தவர். அவர்கள் மனது நோகாமல் எப்படிச் சொல்வது?

தேன்மொழி_கோவை

கயல், முதலில் அந்த டவல் வேண்டவே வேண்டாம். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

எனக்கும் சிசேரியன்தான். பக்கத் தொட்டில் வாங்கினோம். பட்டையைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டச் சொல்லி அட்டையில் படம் போட்டிருந்தது. என் கணவர் அதை மெத்தையைச் சுற்றிக் கட்டினார். பார்க்க இறுக்கமாகத்தான் இருந்தது. இருபதாவது நாள் ராத்திரி, பால் கொடுத்துவிட்டுக் குழந்தையைத் தொட்டிலில் விட்டேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழ முடியாது என்பதால் முழங்கையை ஊன்றித்தான் எழுந்திருப்பேன். அன்றைக்கு முழங்கை தொட்டில் ஓரத்தில் பட்டது. எங்கள் வீட்டில் வழுக்குகிற டைல்ஸ். தொட்டில் சத்தமே இல்லாமல் நாலு விரற்கடை நகர்ந்துவிட்டது. பாத்ரூம் போய்விட்டு வந்து லைட் போட்டபோதுதான் பார்த்தேன். குழந்தையின் ஒரு கை, துணி உறையோடு அந்த இடுக்கில் தொங்கிக்கொண்டிருந்தது. தலை உள்ளே இருந்தது, ஒன்றும் ஆகவில்லை. இப்போது எழுதும்போதும் கை நடுங்குகிறது.

அன்றைக்குத்தான் படத்தைச் சரியாகப் பார்த்தோம். பட்டை மெத்தைக்கு அடியில் போய், கட்டிலின் அந்தப் பக்கத்துச் சட்டத்தில் மாட்டி இழுக்க வேண்டும். மெத்தையில் கட்டினால் மெத்தையும் சேர்ந்து நகரும். அப்புறம் கட்டில் கால்களுக்கு அடியில் ரப்பர் வைத்தோம், தொட்டிலின் சக்கரப் பூட்டைப் போட்டோம். தினமும் படுக்கும் முன் தொட்டிலை என் பக்கமிருந்து ஒரு தள்ளு தள்ளிப் பார்ப்பேன். அசைந்தால் மறுபடி இறுக்குவேன்.

உன் கட்டிலில் பட்டையை எங்கே மாட்டுவாய்? ஸ்டோரேஜ் கட்டிலில் சட்டமே கையில் சிக்காதே. முதலில் அதைப் பார்.

ராஜி_சிஸ்டர் (மதுரை)

பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறேன். டவல் ஏன் கூடாது என்று சொல்லிவிடுகிறேன், காரணம் தெரிந்தால் யாரும் செய்யமாட்டார்கள்.

பிறந்த குழந்தைக்கு உடம்போடு பார்த்தால் தலைதான் கனம். கழுத்தில் பலம் கிடையாது. மூக்கு மெத்தென்ற எதிலாவது புதைந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தெரியாது. விட்ட மூச்சையே திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும். அழவும் அழாது. பெரியவர்கள் பக்கத்திலேயே படுத்திருந்தாலும் தெரியாது. சுருட்டிய டவல் இரண்டு ராத்திரிக்கு இடுக்கில் நிற்கும், மூன்றாவது ராத்திரி அமுங்கும். அப்போது அங்கே இடுக்கும் இருக்கும், முகத்தில் விழத் துணியும் இருக்கும்.

தொட்டிலுக்குள் இருக்க வேண்டியது கெட்டியான, மட்டமான மெத்தை, அதன் மேல் இறுக்கமாக மாட்டிய ஒரு விரிப்பு, குழந்தை. அவ்வளவுதான். மெத்தையைக் கையால் அழுத்தி எடுத்தால் பள்ளம் நிற்கக் கூடாது. மெத்தைக்கும் தொட்டில் சுவருக்கும் நடுவில் இரண்டு விரலுக்கு மேல் போகக் கூடாது. தொட்டிலோடு வந்த மெத்தை மெல்லிசாக இருக்கிறதே, குழந்தைக்கு முதுகு வலிக்குமே என்று மேலே இலவம் பஞ்சு மெத்தை போடுகிறார்கள். போடாதீர்கள். அது மெல்லிசாக இருப்பதே அதற்காகத்தான்.

கடுகுத் தலையணையைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். தலை உருண்டையாக வரும் என்று எல்லா வீட்டிலும் தைத்து வைக்கிறார்கள். தூங்கும்போது வேண்டாம். தலை தட்டையாகிறது என்ற கவலை இருந்தால், குழந்தை முழித்திருக்கும்போது நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் குப்புறப் போட்டு விளையாட்டுக் காட்டுங்கள். கழுத்தில் கறுப்புக் கயிறு, கருகமணி எதுவும் தூங்கும்போது இருக்கக் கூடாது. திருஷ்டிக்குக் கன்னத்தில் பொட்டு போதும்.

தூளியைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன், டியூட்டிக்கு நேரமாகிவிட்டது.

அருள்_லெஸ்டர் (இங்கிலாந்து)

இங்கே பக்கத் தொட்டில் இல்லாத வீடே இல்லை என்கிற மாதிரி. அதனால் விதியும் இருக்கிறது. ஈஎன் 1130 என்ற ஐரோப்பியத் தரம். 2019இல் அதைத் திருத்தி எழுதியபோது பக்கத் தொட்டிலையும் சேர்த்தார்கள். அதில் ஒரு விஷயத்தைக் கயல் கவனிக்க வேண்டும். அம்மா பக்கம் இறக்கிவிடுகிற சுவரை முழுசாக இறக்கித் தட்டையாக்கிவிட முடியாது. மெத்தையின் மேற்பரப்பிலிருந்து குறைந்தது 12 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தடுப்பு நிற்க வேண்டும். அந்த 12 சென்டிமீட்டர்தான் குழந்தை உருண்டு உங்கள் கட்டிலுக்கோ இடுக்குக்கோ போகாமல் தடுக்கிறது. விளம்பரப் படத்தில் அம்மாவின் மெத்தையும் குழந்தையின் மெத்தையும் ஒரே பாய் போல இருந்தால் அந்தத் தொட்டிலை விட்டுவிடுங்கள்.

அமெரிக்காவில் நடந்த ஒன்றும் நினைவுக்கு வருகிறது. 2008 ஆகஸ்டில் சிம்ப்ளிசிட்டி என்ற நிறுவனத்தின் பக்கத் தொட்டில்களைப் பயன்படுத்தாதீர்கள் என்று அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்தது. கிட்டத்தட்ட 9 லட்சம் தொட்டில்கள். இரண்டு பெண் குழந்தைகள் இறந்துபோயிருந்தார்கள். பக்கவாட்டில் இரும்புக் கம்பிகள், அவற்றை மூட வெல்க்ரோவில் ஒட்டும் துணி. துணி சரியாக ஒட்டாமல் விட்டால் கம்பிகளுக்கு நடுவில் குழந்தையின் உடம்பு கால் பக்கமாக நழுவி வெளியே வரும், தலை மட்டும் மாட்டிக்கொள்ளும். கம்பி இடைவெளி 6 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. துணிக்குப் பின்னால் அந்த விதியை விட்டுவிட்டார்கள்.

அதனால் கடையில் துணியைத் தூக்கிப் பாருங்கள். ஜிப்பைத் திறந்து உள்ளே சட்டம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். நான் அப்படித்தான் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து வாங்கினேன். விற்பவர் முகம் சுளித்தார், பரவாயில்லை.

முகில்_அப்பா (திருச்சி)

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். எங்கள் பெண்ணுக்கு ஒன்றரை மாதம். பால் குடித்ததும் கக்குகிறாள். எங்கள் தொட்டிலில் தலைப்பக்கத்தை மட்டும் இரண்டு படி உயர்த்த வசதி இருக்கிறது. உயர்த்தினால் புரை ஏறாது என்று சொல்லி விற்றார்கள். உயர்த்தலாமா? அதோடு, மல்லாக்கப் படுத்தால் கக்கியது மூச்சுக்குழாயில் போய்விடாதா? அம்மா ஒருக்களித்துப் போடச் சொல்கிறார்.

ராஜி_சிஸ்டர்

முகில், உயர்த்தாதீர்கள். சாய்வான படுக்கையில் குழந்தை கீழே சறுக்கும், தாடை நெஞ்சில் போய் ஒட்டும். அந்த வயதில் மூச்சுக்குழாய் மெல்லிய ரப்பர் குழாய் மாதிரி. தாடை மடங்கினால் குழாயும் மடங்கும். அமெரிக்காவில் ஃபிஷர்-பிரைஸ் நிறுவனம் ராக் அன் ப்ளே என்ற சாய்வுப் படுக்கையை 2019 ஏப்ரலில் திரும்பப் பெற்றது. சுமார் 47 லட்சம் படுக்கைகள். 2023இல் மறுபடி எச்சரிக்கை வந்தபோது அதில் இறந்ததாகப் பதிவான குழந்தைகள் நூறு பேரளவில். 2022இல் அங்கே சட்டமே போட்டார்கள், 10 டிகிரிக்கு மேல் சாயும் தூங்கு படுக்கையை விற்கக் கூடாது என்று. பக்கச் சுவரில் கட்டுகிற பஞ்சுத் திண்டுகளுக்கும் அதே சட்டத்தில் தடை.

மல்லாக்கப் படுத்தால் புரை ஏறும் என்ற பயம் எல்லாருக்கும் உண்டு. உண்மையில் மல்லாக்கப் படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலே இருக்கிறது, உணவுக்குழாய் அடியில் இருக்கிறது. கக்கியது மேலே ஏறிப் போக வேண்டும். குப்புறப் போட்டால் நிலைமை தலைகீழ். ஒருக்களித்தால் தானாகக் குப்புறச் சாய்ந்துவிடலாம். 1990களில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் குழந்தையை மல்லாக்கப் போடுங்கள் என்று சொல்ல ஆரம்பித்த பிறகு, தூக்கத்தில் திடீரென்று இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே போனது.

பால் கொடுத்ததும் தோளில் போட்டு ஏப்பம் வரும்வரை வைத்திருங்கள். எடை ஏறிக்கொண்டிருந்தால் கக்குவது பெரும்பாலும் தானாக நிற்கும். எடை ஏறவில்லை, பச்சையாகக் கக்குகிறாள், பீய்ச்சி அடிக்கிறது என்றால் காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

வள்ளி_ஆச்சி (தேவகோட்டை)

என் பேத்தி இதையெல்லாம் எனக்கு வாசித்துக் காட்டினாள். நான் சொல்ல அவள் எழுதுகிறாள்.

நான் ஐந்து பெற்றவள். ஐந்தும் தூளியில் வளர்ந்தது. என் நூல் சேலையில்தான் கட்டுவேன், பட்டுச் சேலை வழுக்கும் என்று கட்டமாட்டேன். குழந்தைக்கு அம்மா சேலை வாசம் தெரியும், அதனால் அழாது. இப்போது ஆயிரம் ஆயிரமாகக் கொடுத்து வாங்கும் பெட்டிக்குள் அந்த வாசம் இருக்குமா? தூளி ஆபத்து என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் சொன்னால் எங்கள் ஊரில் ஒரு பிள்ளையும் மிஞ்சியிருக்காதே. வருத்தத்தோடுதான் கேட்கிறேன்.

யாழினி (டொராண்டோ)

ஆச்சி, நாங்கள் இதை ஏணை என்போம். என்னையும் அம்மம்மா ஏணையில்தான் வளர்த்தவ. உங்களுடைய வருத்தம் எனக்கு விளங்குது.

கயலுக்கு ஒரு தகவல். கனடாவில் சுகாதாரத் துறை, பெரியவர்களுடைய கட்டிலோடு கொளுவுகிற பக்கத் தொட்டில்களையே பரிந்துரைக்கிறதில்லை. காரணம் நீங்கள் கேட்ட அதே இடைவெளிதான். பிள்ளை அதற்குள் சிக்கும் என்ற பயம். அறை ஒன்று, படுக்கை வேறு என்றுதான் சொல்லுவினம். என்னுடைய இரண்டு பிள்ளைகளையும் நாலு பக்கமும் சுவர் உள்ள தனித் தொட்டிலில், என்னுடைய தலைமாட்டுக்கு அருகில் விட்டுத்தான் வளர்த்தேன். கையை நீட்டினால் நெஞ்சில் தட்டலாம். கட்டிலோடு ஒட்டியிருக்க வேண்டும் என்று இல்லை, கை எட்டினால் போதும்.

ராஜி_சிஸ்டர்

ஆச்சி, நானும் தூளியில் தூங்கியவள்தான். கோபிக்காமல் கேளுங்கள்.

தூளியில் குழந்தை வில் மாதிரி வளைந்து கிடக்கிறது. முதுகு கூன, தாடை நெஞ்சில். மேலே முகிலுக்குச் சொன்னேனே, அதே கதைதான். அது போக சேலை முகத்துக்கு இரண்டு பக்கமும் வந்து மூடும். விரித்து வைக்க நடுவில் ஒரு கட்டை வைப்பார்கள், அது கொஞ்சம் உதவும், வளைவு மாறாது. இன்னொரு பயமும் உண்டு. தூளியை அவிழ்க்காமல் விட்டால், பெரிய பிள்ளைகள் அதில் ஏறி முறுக்கி விளையாடுவார்கள். எட்டு வயது, பத்து வயதுப் பிள்ளைகளின் கழுத்தில் சேலை இறுகிய செய்தியை நம் ஊர்ப் பேப்பரில் எத்தனை தடவை படித்திருப்போம்.

உங்கள் ஐந்து பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பது எனக்குச் சந்தோஷம். ஆகிப்போன வீட்டில் "ராத்திரி நல்லாத்தான் தூங்குச்சு, காலையில இல்லை" என்று மட்டும் சொல்வார்கள். அதைத் தூளியோடு யாரும் சேர்த்துப் பேசுவதில்லை.

வள்ளி_ஆச்சி

இருந்து யோசித்தேன். ஒன்று சொல்கிறேன்.

என் முதல் பிள்ளைக்கு என் மாமியார் தூளிக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டுதான் படுப்பார். இரண்டாவதுக்கு என் நாத்தனார். ராத்திரி முழுக்க யாராவது ஒருத்தர் ஆட்டிக்கொண்டோ எட்டிப் பார்த்துக்கொண்டோ இருப்போம். ஆட்டம் நின்றால் பார்ப்போம். குழந்தை தூளியில் தனியாகக் கிடந்ததே இல்லை. இப்போது என் பேரன் வீட்டில் அவனும் அவன் பெண்டாட்டியும் மட்டும்தான். பத்து மணிக்குக் கட்டிவிட்டு இருவரும் அசந்து தூங்கினால் யார் பார்ப்பது? அந்தப் பெண்ணின் மாமியாரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். தூளி வேண்டாம் என்று சொல்லாதீர்கள், ஆட்ட ஆள் இல்லை என்று சொல்லுங்கள். அவருக்குப் புரியும்.

கயல்_மடிப்பாக்கம்

ஆச்சி, உங்கள் பேத்தி இதை உங்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அழுதுவிட்டேன். ரொம்ப நன்றி.

தேக்குத் தொட்டிலைப் பற்றி யாராவது சொல்லுங்களேன். அத்தை போட்டோ அனுப்பியிருக்கிறார்கள். கடைசல் கம்பிகள், மேலே பித்தளைக் குமிழ், சங்கிலி. கணவரின் தாத்தா காலத்தது. போன வருஷம்தான் பெயின்ட் அடித்தார்களாம்.

மரவேலை_செந்தில் (தென்காசி)

தங்கச்சி, நான் பரம்பரையாக மரவேலை செய்கிறவன். இது மாதிரித் தொட்டில் பத்துப் பன்னிரண்டு பழுது பார்த்திருக்கிறேன். மரம் இரும்பு மாதிரி இருக்கும், அதில் குறையே சொல்ல முடியாது. குறை கம்பி இடைவெளியில்தான்.

அத்தையிடம் ஒரு ஸ்கேல் வைத்து அளக்கச் சொல்லுங்கள். கடைசல் கம்பி நடுவில் பருத்து மேலேயும் கீழேயும் மெலிந்திருக்கும். அதனால் பருத்த இடத்தில் அளக்கக் கூடாது, மெலிந்த இடத்தில் அளக்க வேண்டும். அங்கேதான் இடைவெளி அதிகம். 6 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் குழந்தையை அதில் தூங்க வைக்காதீர்கள். நான் பார்த்த பழைய தொட்டில்களில் எட்டு, ஒன்பது என்றுதான் இருந்தது. அந்தக் காலத்தில் உள்ளே கனமான மெத்தை போட்டு, சுற்றிலும் துணி கட்டி மறைத்தார்கள். இப்போது சிஸ்டர் சொல்கிறபடி மெல்லிய மெத்தை போட்டால் கம்பி முழுசாகத் திறந்து கிடக்கும். துணி கட்டவும் கூடாது.

பெயின்ட் இன்னொன்று. நம் நாட்டில் வீட்டு உபயோகப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு, மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. போன வருஷம் அடித்தது சரியான பெயின்டாகவே இருக்கட்டும், அதற்கு அடியில் உள்ள பழைய பூச்சு எந்தக் காலத்தது? பல் முளைக்கும்போது குழந்தை விளிம்பைத்தான் கடிக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாம் என்றால் அந்தத் தூசியே விஷம், கர்ப்பிணி இருக்கும் வீட்டில் அதைச் செய்யவே கூடாது.

உங்கள் கட்டிலுக்கு வருகிறேன். சட்டம் நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டோரேஜ் கட்டிலில் பக்கத் தொட்டில் ஒட்டாது. அந்தச் சட்டத்தின் மேல் பலகை அடித்துச் சமன் செய்து தருகிறேன் என்று சில பேர் வருவார்கள். நானும் செய்து தர முடியும், ஆனால் செய்யமாட்டேன். நீங்கள் தூங்கும்போது உங்கள் எடையில் மெத்தை ஓரம் அமுங்கும். நான் பகலில் ஆளில்லாத மெத்தையில் அளந்து அடித்த பலகைக்கும் ராத்திரி அமுங்கிய மெத்தைக்கும் ஒரு அங்குலமாவது வித்தியாசம் வரும். டொராண்டோ தங்கச்சி சொன்னதுதான் உங்கள் வீட்டுக்குச் சரி. நாலு சுவரும் உள்ள தொட்டில், கை எட்டும் தூரம். இன்னொரு வழி, கட்டிலை மாற்றுவது.

எதை வாங்கினாலும் ஒன்று செய்யுங்கள். தொட்டிலைப் பூட்டி நிறுத்தியதும் ஐந்து கிலோ அரிசிப் பையை மெத்தையின் ஒரு ஓரத்தில் வையுங்கள். ரசமட்டம் இருந்தால் மெத்தையில் வையுங்கள், இல்லையென்றால் செல்போனிலேயே மட்டம் பார்க்கும் வசதி இருக்கிறது. குமிழி நடுவை விட்டு ஓடினால், அடித்தட்டு ஒரு பக்கம் சாய்கிறது என்று அர்த்தம். திருப்பிக் கொடுத்துவிடுங்கள். குழந்தை ஓரத்துக்கு நகர்ந்தால் தட்டு சாய்ந்து அதை இன்னும் ஓரத்துக்கே தள்ளும்.

முகில்_அப்பா

செந்தில் அண்ணன், அரிசிப் பை யோசனையை இப்போதே செய்து பார்த்தேன். எங்கள் தொட்டில் கால்மாட்டில் இரண்டு டிகிரி சாய்கிறது. ஒரு மூலையில் திருகாணி முழுசாக ஏறவில்லை. இத்தனை நாளாக அப்படியே இருந்திருக்கிறது. இறுக்கிவிட்டேன், குமிழி நடுவில் நிற்கிறது. கோடி நன்றி.

தேன்மொழி_கோவை

கயல், வாங்கும்போது உயரத்தையும் பார். நாலு சுவர் உள்ள தொட்டில் என்றாலும், அதன் மெத்தை உன் மெத்தை உயரத்துக்குப் பக்கத்தில் வருகிற மாதிரி கால்களை ஏற்றி இறக்க முடிய வேண்டும். இல்லையென்றால் நீ எதற்காக ஆரம்பித்தாயோ அந்தக் குனிகிற கஷ்டம் அப்படியே இருக்கும். பக்கச் சுவரில் ஒரு பக்கம் முழுக்க வலைத்துணி இருந்தால் படுத்தபடியே முகம் தெரியும். எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. வலையின் ஓட்டை சட்டைப் பொத்தான் நுழையாத அளவுக்குச் சின்னதாக இருக்கட்டும்.

பழைய தொட்டில் யாராவது சும்மா தந்தால் அவசரப்பட்டு வாங்காதே. வெல்க்ரோ தேய்ந்திருக்கும், ஒரு திருகாணி காணாமல் போயிருக்கும், வழிகாட்டித் தாள் இருக்காது.

நிலா_அம்மா (புதுச்சேரி)

கொசு ஒரு பெரிய பிரச்சினை இங்கே. குடை மாதிரி விரிகிற கொசுவலைப் படுக்கை வாங்கி, அதைத் தொட்டிலுக்குள் வைத்தால் என்ன?

ராஜி_சிஸ்டர்

வேண்டாம் நிலா. அந்தப் படுக்கை பஞ்சு மாதிரி இருக்கும், உள்ளே தலையணை வேறு. தொட்டிலுக்குள் இன்னொரு படுக்கை வைத்தால் சுற்றிலும் இடுக்கு. தாய் கட்டிலையும் தொட்டிலையும் சேர்த்து மூடுகிற பெரிய வலையைக் கூரையிலிருந்து கட்டுங்கள். கயிறு, நாடா எதுவும் குழந்தைக்கு எட்டுகிற மாதிரி தொங்கக் கூடாது. கொசுவர்த்திச் சுருள் அந்த அறையில் வேண்டாம், குளித்துவிட்டதும் போடுகிற சாம்பிராணிப் புகையும் வேண்டாம். அந்தச் சின்ன நுரையீரலுக்கு எல்லாப் புகையும் ஒன்றுதான்.

காற்றாடி போடலாம். ஏசி என்றால் உங்களுக்குக் குளிராத அளவில் வையுங்கள். குழந்தைக்குச் சூடு அதிகமா என்று கை காலைத் தொட்டுப் பார்க்காதீர்கள், அது எப்போதும் ஜில்லென்றுதான் இருக்கும். பிடரியையோ நெஞ்சையோ தொட்டுப் பாருங்கள். அங்கே வேர்த்திருந்தால் ஒரு துணியைக் குறையுங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு தூங்கும்போது தலையில் குல்லா வேண்டாம். குழந்தை சூட்டைத் தலை வழியாகத்தான் அதிகம் விடுகிறது.

கயல், உனக்கு ஒரு வார்த்தை. பால் கொடுக்கும்போது நீ தூங்கிவிடலாம். எல்லா அம்மாவுக்கும் நடக்கும். அதற்காகத் தூக்கம் வராது என்று சோபாவில் போய் உட்கார்ந்து கொடுக்காதே. சோபாவில் குழந்தையோடு தூங்கிவிடுவதுதான் எல்லாவற்றையும்விட ஆபத்து, சாய்வுக்கும் உனக்கும் நடுவில் குழந்தை மாட்டிக்கொள்ளும். கட்டிலிலேயே கொடு, பக்கத்தில் தலையணை, போர்வை எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள். கண் முழித்த உடனே குழந்தையைத் தொட்டிலில் விடு. முதல் ஆறு மாதமாவது உன் அறையிலேயே இருக்கட்டும்.

கயல்_மடிப்பாக்கம்

(ஏழு வாரம் கழித்து)

எல்லாருக்கும் சொல்ல வேண்டும் என்று இருந்தேன், இப்போதுதான் கை ஓய்ந்தது. பெண் குழந்தை. 2 கிலோ 900. சிசேரியன்தான்.

கட்டிலோடு கொளுவாத தொட்டில்தான் வாங்கினோம். நாலு சுவரும் நிற்கிறது, கால்களை ஏற்றி இறக்கலாம். முதலில் ஆன்லைனில் ஒன்று வந்தது. அரிசிப் பை வைத்ததும் நடுவில் தட்டு தொய்ந்தது, திருப்பி அனுப்ப மூன்று வாரம் போராடினோம். இரண்டாவதைக் கடைக்கே போய், அருள் அண்ணன் சொன்ன மாதிரி ஜிப்பைத் திறந்து பார்த்து, ரசமட்டம் வைத்துப் பார்த்து வாங்கினார் கணவர். என் தலைமாட்டிலிருந்து ஒரு முழம் தள்ளி இருக்கிறது. ராத்திரி சிணுங்கினால் வலைப் பக்கமாகக் கையை வைக்கிறேன், நிழல் தெரிந்ததும் பாதி நேரம் அடங்கிவிடுகிறாள்.

அத்தையிடம் வள்ளி ஆச்சி சொன்ன வார்த்தையை அப்படியே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் ஸ்கேல் எடுத்து அவர்களே தேக்குத் தொட்டிலை அளந்து போன் பண்ணினார்கள். மெலிந்த இடத்தில் எட்டரை சென்டிமீட்டர். பேர் வைக்கும் நாளன்று காரைக்குடிக்கே போனோம். குழந்தையை அந்தத் தொட்டிலில் போட்டு, சுற்றி நின்று எல்லாரும் காதில் பேர் சொன்னோம். கால் மணி நேரம். அத்தை ஒரு கையைக் கம்பிக்கு நடுவிலும் இன்னொரு கையைக் குழந்தை மேலேயும் வைத்திருந்தார்கள். பாட்டு முடிந்ததும் அவர்களே தூக்கி என்னிடம் கொடுத்தார்கள்.

இப்போது ஒரே கேள்வி. இந்தத் தொட்டிலில் எத்தனை நாள் வைக்கலாம்? 9 கிலோ வரை என்று அட்டையில் போட்டிருக்கிறது.

ராஜி_சிஸ்டர்

வாழ்த்துகள் கயல்! எடையை மட்டும் பார்க்காதே. அட்டையில் எடையோடு இன்னொரு வரியும் இருக்கும், தேடிப் பார். கையையும் முட்டியையும் ஊன்றி எழும்ப ஆரம்பித்தால் நிறுத்திவிட வேண்டும் என்று. பெரும்பாலும் ஐந்து மாதத்தையொட்டி வரும், சில குழந்தைகளுக்கு முன்னாலேயே. எடை 6 கிலோவாக இருந்தாலும் சரி, எழும்பிய அன்றைக்கே அந்தத் தொட்டிலை விட்டுவிடு. சுவர் உயரமான, ஆழமான தொட்டிலுக்கு மாற்று. துணியில் சுற்றித் தூங்க வைக்கிறாய் என்றால், புரள முயற்சி செய்கிற முதல் அறிகுறியிலேயே சுற்றுவதை நிறுத்து. கை வெளியே இல்லாமல் குப்புறப் புரண்டால் அவளால் முகத்தைத் தூக்க முடியாது.

கயல்_மடிப்பாக்கம்

பார்த்தேன் சிஸ்டர், அந்த வரி இருக்கிறது, பொடி எழுத்தில். கணவர் அதைப் பெரிய எழுத்தில் எழுதித் தொட்டில் காலில் ஒட்டிவிட்டார். பெரிய தொட்டில் அடுத்த மாதமே வாங்கி வைத்துவிடுகிறோம். செந்தில் அண்ணன், கம்பி இடைவெளியை அளந்து இங்கே போடுகிறேன், நீங்கள் ஒரு தடவை பார்த்துச் சொல்ல வேண்டும்.